கயிற்றைக் கொஞ்சம் பிடியுங்கள்

உண்மையைச் சொன்னால், எனக்குப் படகென்றாலே அவ்வளவாகப் பிடிக்காது. ஈரம் எனக்கு ஆகாது. டீசல் வாடை பட்டால் அன்றைக்கு முழுக்கத் தலைவலி. ஒரு வாகனம் மனிதன் நடப்பதைவிட மெதுவாகப் போகுமென்றால் பேசாமல் நடந்தே போய்விடலாம் என்பதுதான் என் கட்சி. பதினேழு வருடம் சனி, ஞாயிறு தவறாமல் ஒரு பழைய சரக்குப் படகைத் தேய்த்து, துடைத்து, வர்ணம் பூசி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சுற்றிக்காட்டிய ஆள் இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள் அய்யா. சிரிக்கவைப்பதுதான் அங்கே என் வேலையாக இருந்தது.

மழைக்கு ஒதுங்கியதில் ஆரம்பித்தது. செருப்புக் கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிது. கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தவன் பாலத்துக்கு அடியில் போய் நின்றேன். அந்தப் பக்கமாக 'கர்லூ' என்ற அந்தச் சரக்குப் படகு வந்தது. நிலக்கரி ஏற்றுவதற்காக அந்தக் காலத்தில் கட்டியது. எழுபது அடி நீளம். இரண்டு கையையும் விரித்தால் அகலம் முடிந்துவிடும். பின்முனையில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, வெல்வெட் அரைச்சட்டையும் கழுத்துக்குட்டையுமாக ஒரு பெரிய உருவம் நின்றிருந்தது. அவர்தான் காட்ஃப்ரி. ஈரக் கயிற்றின் முனையை என் பக்கம் வீசினார்.

"அப்பனே, இந்தக் கயித்தக் கொஞ்சம் புடிங்க. ரெண்டே நிமிஷம்."

பிடித்தேன். கரைசேர்த்த பிறகு உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். கேட்காமலே இரண்டு சர்க்கரை போட்டிருந்தார். நான் சர்க்கரை போட்டுக்கொள்கிறவன் இல்லை. ஆனால் ஆசையாகக் கொடுக்கிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றேன். அடுத்த சனிக்கிழமை வருகிறீர்களா என்று கேட்டார். சரி என்றேன்.

நாற்பது வருடம் செருப்பு விற்றவனுக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. உங்கள் அளவு இல்லை என்று கடையில் சொல்லக்கூடாது. இதைப் போட்டுப் பாருங்களேன் என்றுதான் சொல்லவேண்டும். ஊரில் பாதிப்பேர் என் தயவில் அரை அளவு சின்னச் செருப்பில் நடந்திருக்கிறார்கள். யாரையும் வெறுங்காலோடு அனுப்பியதில்லை.

காட்ஃப்ரி எரிவாயு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, கர்லூதான் எல்லாம். அதைப் பராமரிக்கிற தன்னார்வலர் குழுவுக்கு அவர் தலைவர். குழு என்றால் பெரிய கூட்டமாக நினைத்துவிடாதீர்கள். வேலை செய்தது நாங்கள் மூன்று பேர்: அவர், நான், பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்ற மேவிஸ். மற்றவர்கள் கோடையில் ஒரு நாள் வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

என்னைப் பின்னறையில் உட்காரவைத்தார்கள். படகோட்டிக் குடும்பம் குடியிருந்த அறை. நம் வீட்டுக் குளியலறையைவிடச் சின்னது. ஒரு கரியடுப்பு, சுவரிலிருந்து மடக்கி இறக்கினால் மேசையாகும் ஒரு பலகை, மடக்கி இறக்கினால் கட்டிலாகும் இன்னொரு பலகை. விளிம்பில் பின்னல் போல ஓட்டை வைத்த அலங்காரத் தட்டுகள், பித்தளைக் குமிழ்கள், எங்கு பார்த்தாலும் ரோஜாவும் கோட்டையும் வரைந்த கதவுகள். பார்வையாளர்கள் நான்கு நான்கு பேராகக் குனிந்து வருவார்கள். நான் சொல்வேன்: "இந்த ரூம்ல அப்பா, அம்மா, நாலு புள்ளைங்க, ஒரு நாய் குடியிருந்தாங்க. ஒருத்தர ஒருத்தர் கொன்னுக்கல. எப்படின்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் புரியல." நன்றாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் வரைக்கும் நானும் சிரித்துக்கொண்டிருப்பேன். பிறகு அடுத்த நாலு பேர்.

விலகிக்கொள்ள முயற்சி செய்யாமல் இல்லை. மூன்றாம் வருடம் முழங்கால் வலி என்றேன். அடுத்த வாரமே மெத்தை வைத்த முக்காலி ஒன்று வந்தது. காட்ஃப்ரியே செய்து, ரோஜாப் பூ வரைந்து, 'நாரிஸ்' என்று என் பேரையும் எழுதியிருந்தார். பிறகு இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய ஊருக்கு வீட்டையே மாற்றிக்கொண்டேன். இனிமேல் எப்படி வருவான் என்று விட்டுவிடுவார் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலையில் திரைச்சீலையை விலக்கினால் வாசலில் அவர் கார் நிற்கிறது. பன்றிக்கறி வதக்கி வைத்த ரொட்டி, ஆறிவிடாமல் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் அந்தக் கார். ஒருநாள்கூட ஹாரன் அடித்ததில்லை. பாவம், தூங்குகிறேனோ என்று காத்திருப்பார். என் அண்ணன் செத்தபோது அடக்கத்துக்கு வந்த ஒரே நண்பர் அவர். என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

போன வருடம் எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று செய்தார். நாங்கள் இரண்டு பேரும் செத்தால் சாம்பலை மேல் லாக்கில், அதாவது கால்வாயில் படகை ஏற்றி இறக்குகிற தொட்டியில், கரைப்பதற்கு அனுமதி கேட்டு வாங்கிவிட்டார். "ஒண்ணாவே இருந்துட்டோம், ஒண்ணாவே போயிருவோம் அப்பனே" என்றார். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல?

பெரில் அந்தச் சமயத்தில்தான் வந்தாள். படகைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிற திறப்பு நாளொன்றில் பார்வையாளராக வந்து பின்னறையில் குனிந்து உட்கார்ந்தாள். நான் வழக்கமான நகைச்சுவையைச் சொன்னேன். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு இங்க மூச்சு முட்டலியா?" என்று கேட்டாள்.

பதினேழு வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் அவளோடு மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டேன். வடக்கே கடலோரத்தில் ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தாள். அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் பக்கத்தில் கால்வாய் கிடையாது. என்னையும் வரச் சொன்னாள். சரி என்றேன். செப்டம்பர் முடிவதற்குள் என்று முடிவானது. ஒவ்வொரு வாரமும் காட்ஃப்ரியிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்பாள். அடுத்த வாரம் என்பேன். கடைசியில் ஒருநாள் அமைதியாகச் சொன்னாள்:

"உனக்கு முடியாதுன்னு சொல்ல வராது நாரிஸ். தெரியும். எங்கிட்ட சரின்னு சொன்னியே, அதுவும் அந்த ரகம்தானான்னு நான் கேக்கமாட்டேன். ஆனா சனிக்கிழமை சாயங்காலம் வண்டில சாமான் ஏத்துறேன். நீ வந்தா வா."

சனிக்கிழமை என்றால் அந்தச் சனிக்கிழமைதான், அய்யா. நீங்கள் விசாரிக்கிற நாள்.

அன்று காரில் போகும்போதே சொல்லிவிடுவதென்று இருந்தேன். மடியில் சூடான ரொட்டி இருந்தது. ரொட்டியைத் தின்றுகொண்டே எப்படிச் சொல்வது? இறங்கிய பிறகு சொல்லலாம் என்று வைத்தேன். இறங்கினால் கரை நிறையக் கூட்டம். வருடத்தின் கடைசித் திறப்பு நாள். காட்ஃப்ரி என்னைத் தோளோடு அணைத்துப் பின்னறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அதன் வெளிப்பலகையில் சொந்தக்காரர் பேர் எழுதுகிற இடத்தில் ஒரு துணி தொங்கியது. அதை எடுத்தார். பழைய பாணி எழுத்தில், பொன் நிறத்தில், என் பேர். கீழே 'கேப்டன்' என்று இருந்தது.

"நண்பர்களே, இந்த ஆள நல்லாப் பாத்துக்குங்க" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "இவரு மட்டும் இல்லன்னா கர்லூ எப்பவோ தண்ணிக்கடியில போயிருக்கும். வர்ற வசந்தத்துலருந்து ரெண்டு வருஷம், நாடு முழுக்கக் கால்வாய் கால்வாயாப் போகப்போறோம். நானும் இவரும். சமையல், தூக்கம் எல்லாம் இந்த ரூம்லதான். இவருக்கே இப்பத்தான் தெரியும்."

கைதட்டினார்கள். மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அழாத ராசா, நான் இருக்கேன்ல அழறதுக்கு" என்றாள். நான் குனிந்து வணக்கம் சொன்னேன். நாலு பிள்ளையும் நாயும் வருகிற நகைச்சுவையைச் சொன்னேன். நன்றாக எடுபட்டது.

அடுத்து படகை லாக்கில் இறக்கிக்காட்ட வேண்டும். நீங்கள் அந்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். லாக் என்பது இரண்டு முனையிலும் கதவு வைத்த நீளமான கல்தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவுகளைச் சாத்தி, கீழ்க்கதவில் உள்ள இரண்டு மதகுகளைத் திறந்தால் தண்ணீர் வடியும், படகு மெல்லக் கீழே இறங்கும். ஒரே ஒரு ஆபத்து. மேல்கதவுக்கு அடியில் ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. படகின் பின்முனை அதன்மேல் வந்துவிட்டால், தண்ணீர் இறங்க இறங்க முன்முனை மட்டும் கீழே போகும். பின்முனை கல்லில் தொங்கும். அதற்காகத்தான் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறது. படகு அந்தக் கோட்டைத் தாண்டிப் பின்னால் வரக்கூடாது.

மற்றவர்கள் எஞ்சினை ஓடவிட்டுப் படகை முன்னால் நிறுத்தி வைத்துக்கொள்வார்கள். எங்களிடம் அந்த வழக்கம் கிடையாது. குதிரை இழுத்த காலத்தில் செய்த மாதிரி செய்துகாட்ட வேண்டும் என்பது காட்ஃப்ரியின் ஆசை. எஞ்சினை அணைத்துவிடுவார். தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்கும். கூட்டம் மெய்மறந்து நிற்கும். அந்த லாக்கில் மதகைத் திறந்ததும் படகு முன்னால் போய்க் கதவை லேசாக முட்டிவிட்டுப் பின்வாங்கும். அந்தப் பின்வாங்கலைத் தடுப்பது ஒரு கயிறு. கரையில் இருக்கிற இரும்புக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, படகு இறங்குவதற்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துக்கொண்டு ஒருவர் பிடித்திருப்பார். அந்த ஒருவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. முன்பொருநாள் உதவி செய்கிறேன் என்று வந்த ஒரு பார்வையாளர் கேட்காமல் மதகைத் திறந்து பெரிய குழப்பமாகிவிட்டது. அதிலிருந்து காட்ஃப்ரி ஒரு சட்டம் போட்டார். லாக்கில் யாரும் கத்தக்கூடாது. கை தூக்கினால் மதகைத் திற. கையைக் கீழே வெட்டினால் மூடு. கை சொல்லாமல் எதையும் தொடாதே. கை காட்டுவது சுக்கான் பிடிப்பவர். அவர் உள்ளே இருந்தால் கயிறு பிடிப்பவர். உள்ளே என்ன வேலை என்றால், படகு இறங்குகிற நேரத்தில் அவர் பின்னறைக்குள் போய்த் தேநீர் போடுவார். கதவு திறக்கும்போது இரண்டு கோப்பையோடு மேலே வருவார். கூட்டத்துக்கு அதுவும் பிடிக்கும்.

அன்று லாக்குக்குள் ஒரு வாத்து மாட்டிக்கொண்டிருந்தது. அது வெளியே போகும் வரைக்கும் பொறுக்கச் சொன்னேன். அந்த மாதிரி விஷயத்தில் நான் கொஞ்சம் இளகின ஆள். அது போனதும் கதவைச் சாத்தினோம். காட்ஃப்ரி எஞ்சினை அணைத்தார். மேவிஸ் மதகுச் சாவியோடு கீழ்க்கதவுப் பக்கம் போய் நின்றாள். ஒரு மதகைத் திறக்கச் சொல்லிக் காட்ஃப்ரி கை தூக்கினார். தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் உள்ளே இறங்கினார். படகு முன்னால் போய் முட்டிவிட்டுப் பின்வாங்கியது. கயிறு என் கையில் விறைத்தது.

அப்போது உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "ரெண்டு சக்கரை போட்டுட்டேன் அப்பனே."

கை தளர்ந்துவிட்டது என்று முதல் விசாரணையில் சொன்னேன். அது பொய்யில்லை. ஈரக் கயிறு, எழுபத்தொரு வயசுக் கை. ஆனால் தளர்ந்த கையை இறுக்கியிருக்கலாம். படகு வெள்ளைக் கோட்டைத் தாண்டியதை நான் பார்த்தேன். பின்முனை திட்டின்மேல் உட்காருகிற சத்தம், கனமான பீரோவைத் தரையில் வைத்தால் வருமே, அந்த மாதிரி கேட்டது. கட்டையிலிருந்து கயிற்றை எடுத்துத் தரையில் வைத்தேன். கையில் ஒன்றுமே இல்லை. நான் சொல்வது உங்களுக்கு விநோதமாக இருக்கும், ஆனால் அந்த நிமிடம் எனக்கு நன்றாக மூச்சு வந்தது.

அப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மதகை மூடினால் தண்ணீர் வடிவது நின்றுவிடும். மேல்மதகைத் திறந்து தண்ணீர் விட்டால் படகு தானாக மிதந்துவிடும். இதெல்லாம் குழந்தைக்கும் தெரியும். நானே பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறேன். மேவிஸ் அந்தக் கோடியிலிருந்து என்னைப் பார்த்தாள். முன்முனை கொஞ்சம் தாழ்வாகத் தெரிகிறதே என்று அவளுக்குச் சந்தேகம். சட்டப்படி கத்தவில்லை. என் கைக்காகக் காத்திருந்தாள்.

பாவம் மேவிஸ். விசாரணையில் அவள் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள்: "நாரிஸ் கை தூக்குன மாதிரி எனக்கு இருந்துச்சு. அதான் ரெண்டாவது மதகையும் திறந்தேன்." நான் கை தூக்கவில்லை என்று சொன்னேன். ஒருவேளை தொப்பியைச் சரிசெய்ததைப் பார்த்திருப்பாள் என்றும் சொன்னேன். கிழவியின் கண் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவளும் நம்பிவிட்டாள்.

நான் கை தூக்கினேன் அய்யா. நன்றாக, அவளுக்குத் தெரிகிற மாதிரி. அவள் தயங்கினாள். மறுபடியும் தூக்கினேன்.

இரண்டு மதகும் திறந்தால் தண்ணீர் வேகமாக இறங்கும். முன்முனை தண்ணீருக்குள் போயிற்று. பின்னறையில் தட்டுகள் சரிகிற சத்தம் கேட்டது. ரோஜாப் பூத் தட்டுகள், என் முக்காலி, மேசைப்பலகை, அடுப்பின் மேலிருந்த கொதிக்கிற கெட்டில், எல்லாம் அந்தச் சின்ன அறையின் உள்மூலைக்குப் போயிருக்கும், அவரும்தான். ஏறி வருவதற்கு வழி அவர் தலைக்கு மேலே செங்குத்தாக இருந்திருக்கும். அவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கத்தவில்லை. லாக்கில் கத்தக்கூடாதென்று சட்டம் போட்டவர் அவர்தானே. பிறகு படகில் தண்ணீர் நிறைந்து, திட்டிலிருந்து வழுக்கி, அடியில் போய் உட்கார்ந்தது. கரையில் யாரோ ஒருவர் கைதட்டினார். அதுவும் காட்சியில் சேர்ந்தது என்று நினைத்திருப்பார்.

அன்று சாயங்காலம் பெரில் தொலைபேசியில் கூப்பிட்டாள். வண்டி தயாராக இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டாள். மேவிஸ் என் சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள். குழுவில் மற்றவர்கள் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். படகை மேலே தூக்க வேண்டும், பழுதுபார்க்க வேண்டும், காட்ஃப்ரியின் நினைவாக நீங்கள்தான் தலைமை ஏற்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது எப்படி வர முடியும் என்று பெரிலிடம் சொன்னேன். அவள் "சரி நாரிஸ்" என்று வைத்துவிட்டாள். முன்னறைக்குப் போனேன். சரி என்றேன். கர்லூவின் தலைவர் இப்போது நான்தான். அவர் சாம்பலைக் கரைத்ததும் நான்தான். என் பங்குக்கு இடம் அங்கே காத்திருக்கிறது.

இன்றைக்கு ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். மேவிஸ் சாப்பிடுவதில்லை. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்று கஞ்சி வைத்துக்கொண்டு போனேன். "வேணாம் ராசா, நான் அவரக் கொன்னுட்டேன்" என்றாள். அதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அந்தக் கை என்னுடையது என்று அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நேரில் நான் சொன்னால் அவளுக்குத் தாங்காது.

சற்று முன்னால் நீங்கள் கொடுத்த தேநீரில் சர்க்கரை இருந்தது. முழுக்கக் குடித்தேன். குறை சொல்லவில்லை, சும்மா தகவலுக்காகச் சொன்னேன்.

இனிமேல் நீங்கள் கேட்கப்போவதும் எனக்குத் தெரியும். இவ்வளவுக்குப் பதிலாக, 'காட்ஃப்ரி, இனிமேல் என்னால் வர முடியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. சொன்னவுடனே அந்த முகம் வாடிப்போயிருக்கும். அவ்வளவு கல்நெஞ்சம் எனக்குக் கிடையாது அய்யா.